1918 இன்புளுவென்சாவும் வலுக்குன்றிய உடல்களும்

ஆத்தூர், தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் பகுதியில் அமைந்த ஊர். இதன் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள இவ்வூர், 1918-இல் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அருகிலுள்ள தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 1876-இலேயே ரயில் வந்துவிட்டது. 1914-இல் பாம்பன் வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் இங்குதான் கப்பலேறினர். 1918-இல் இன்புளுவென்சா நாடெங்கும் பரவியதும் இத்தகைய கப்பல், ரயில் வழிகளில்தான்.

அவ்வாண்டு ஜூன் 10-இல் பம்பாயில் ஏழு காவலர்கள் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் கப்பல்துறையில் பணியாற்றியவர். முதல் அலை மிதமாகவே கழிந்தது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையே கொன்று குவித்தது. சுமார் 60 லட்சம் பேர் இறந்ததாக அரசின் சுகாதார ஆணையர் நார்மன் வைட் முதலில் மதிப்பிட்டார். பின்வந்த ஆய்வாளர்களின் கணக்கு 1.2 கோடி முதல் 1.8 கோடி வரை செல்கிறது. இன்றைய இந்திய எல்லைக்குள் 1921-இன் மக்கள்தொகை 1911-ஐவிடக் குறைவு. முதல் உலகப்போருக்குப் பாடநூல்களில் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை என்பது வியப்புக்குரியது.

இத்தனை பேர் இறக்கக் கிருமி மட்டும் காரணமன்று. 1918-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. போர்க்கால விலைவாசி ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது. செப்டம்பரில் சென்னையில் தானியக் கலவரமே மூண்டது. பசித்த உடல்களைத்தான் நோய் எளிதில் வீழ்த்தியது. பம்பாய் நகரில் ஆயிரம் பேருக்கு இறந்தோர், ஐரோப்பியரில் 8.3, தாழ்த்தப்பட்ட சாதியினரில் 61.6. நெரிசலான குடியிருப்பும் பராமரிக்க ஆளில்லாமையும் இதில் சேரும். ஆனால் 20 முதல் 40 வயதுவரையுள்ள திடகாத்திரமானவர்களும் ஏராளமாக இறந்தனர். எனவே எல்லாவற்றையும் பசியின் கணக்கில் எழுதிவிட முடியாது. கர்ப்பிணிகளுக்கு ஆபத்து மிக அதிகமாக இருந்தது.

வைரசு சுவாசப்பாதையின் உட்படலத்தைச் சிதைக்க, பாக்டீரியா நுழைந்து நிமோனியாவை உண்டாக்கும். அன்று பெனிசிலின் இல்லை. மனித இன்புளுவென்சா வைரசு பிரித்தறியப்பட்டதே 1933-இல்தான்.

இன்று அதே ஆபத்து உறுப்புமாற்று சிகிச்சை பெற்றோர், புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்போர், எச்.ஐ.வி. முற்றியோர் ஆகியோருக்கு உள்ளது. இவர்களுக்குக் காய்ச்சல் அதிகம் தெரியாமலே நிமோனியா வரலாம். வைரசு வாரக்கணக்கில் உடலில் தங்கலாம். ஓசெல்டாமிவிர் மருந்தை முதல் 48 மணி நேரத்தில் தொடங்குவது நல்லது. தாமதமானாலும் இவர்களுக்கு மருத்துவர்கள் அதைத் தருவதுண்டு. உயிருள்ள வைரசு கொண்ட மூக்குத் தெளிப்பு இவர்களுக்கு ஆகாது, செயலிழந்த வைரசு ஊசியே போடப்படுகிறது. அதுவும் இவர்களிடம் முழுப் பலன் தருவதில்லை என்பதால், உடன் வசிப்போரும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.