அச்சின் அகலமும் அரசின் முத்திரையும்

நான்கு சில்லுகளும் சுழலும் வாகனம் ஒன்றுக்கு, அதன் உற்பத்தியாளர் பூட்டிய அச்சைக் கழற்றிவிட்டு, அதனிலும் அகலமான அச்சொன்றைப் பூட்டலாமா? பூட்டினால் அதனை வீதியில் ஓட்ட யாருடைய அனுமதி வேண்டும்? பார்வைக்கு இது கராஜ்காரர் தீர்க்கவேண்டிய கேள்வி. ஆனால் இதனுள் இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்று சொன்னால் வாசகர்கள் சிலர் நம்பமாட்டார்கள்.

சீனத்தை ஒன்றிணைத்த சின் பேரரசன், கி.மு. 221 இல் எழுத்தையும் நிறுத்தல் அளவைகளையும் ஒழுங்குபடுத்தியபோது, வண்டில்களின் அகலத்தையும் சட்டமாக்கினான். அக்கால அளவில் ஆறு அடி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 138 சென்ரிமீற்றர். வட சீனத்தின் மென்மையான மண் பாதைகளில் வண்டிச் சில்லுகள் ஆழமான தடங்களைத் தோண்டிவிடும். ஒரு நாட்டின் தடத்தில் வேறொரு நாட்டு வண்டில் போனால், ஒரு பக்கச் சில்லு பள்ளத்திலும் மறுபக்கச் சில்லு மேட்டிலுமாக இழுபடும். அச்சகலம் ஒன்றானால்தான் படைகளும் தானியமும் எல்லைகளைத் தாண்டி ஓடும். சில்லுகளுக்கிடையிலான தூரம் அரச விவகாரமானது இவ்விதம்தான். இந்த மண் தடத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் அவுஸ்திரேலியாவின் மணலில் இதே தடத்தைச் சந்திக்கப்போகிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்விக்கு வேறொரு முகம் வந்தது. 1941 முதல் பெருந்தொகையாக உற்பத்தியான வில்லிஸ் ஜீப், இடது வலது சில்லுகளுக்கிடையே ஏறக்குறைய 49 அங்குலம் மட்டுமே கொண்டது. 1948 இல் வெளிவந்த லாண்ட் ரோவர் 50 அங்குலம். ஒடுங்கிய காட்டுப் பாதையில் நுழைவதற்கும் கப்பலில் அடுக்குவதற்கும் அந்த ஒடுக்கம் வசதியாயிருந்தது. எங்கள் நாட்டில் நான்கு சில்லும் சுழலும் எதுவும் 'ஜீப்' என்றே அழைக்கப்படுவது. பிற்காலத்தில் அமைச்சர்களின் வாகனம் எதுவாயினும் 'பஜிரோ' ஆனது போல. பத்திரிகைத் தலைப்புகளும் அவ்வழக்கையே பின்பற்றின. யுத்தத்துக்காகப் பிறந்த வாகனத்தைச் சாதாரண மனிதர்கள் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டத் தொடங்கியபோதுதான் சிக்கல் எழுந்தது.

உயரமாக நிற்கும் ஒடுங்கிய பொருள் இலகுவில் கவிழும். அமெரிக்காவில் சீ.ஜே.-5 ஜீப்பின் கவிழும் தன்மை 1980 டிசம்பரில் ஒரு தேசியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் காட்டப்பட்டது. வழக்குகள் குவிந்தன. 1982 ஆம் ஆண்டு மாதிரியில் சீ.ஜே.-7 க்கு உற்பத்தியாளரே அகலமான அச்சுகளைப் பூட்டினார். 1983 உடன் சீ.ஜே.-5 நிறுத்தப்பட்டது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து கவிழும் அபாயத்துக்குத் தரப்புள்ளி வழங்கத் தொடங்கியது. அதன் கணக்கு மிக எளிமையானது: இரு பக்கச் சில்லுகளுக்கிடையிலான தூரத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தின் இருமடங்கால் வகுக்கவேண்டும். சாதாரணக் காருக்கு இந்த எண் 1.3 முதல் 1.5 வரை வரும். உயரமான நான்கு சில்லு இயக்க வாகனங்களுக்கு 1.0 முதல் 1.3 வரை. பாடசாலை மாணவனும் செய்யக்கூடிய இந்த வகுத்தலில் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீர் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் அகலமான அச்சு நல்லதுதானே, சட்டம் ஏன் குறுக்கே நிற்கவேண்டும் என்று கேட்கலாம். இதற்கான விடையை நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவாகக் காட்டுவது அவுஸ்திரேலியாவில் ஓடும் ரொயோட்டா லாண்ட் குறூசர் 70 வரிசையின் கதை.

லாண்ட் குறூசர் அந்த நாட்டுக்கு வந்ததே ஒரு மலைக்காட்டு வேலைக்காக. 1949 இல் தொடங்கி 1974 இல் நிறைவுற்ற ஸ்னோவி மலை நீர்மின் திட்டத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த குடியேறிகள் சுரங்கம் தோண்டினார்கள். அங்கு ஒப்பந்தம் பெற்றிருந்த லெஸ்லி தீஸ் என்பவர் 1950களின் பிற்பகுதியில் யப்பானிலிருந்து இவ்வாகனங்களை இறக்குமதி செய்தார். பிறகு பண்ணைகள், சுரங்கங்கள், ஆதிவாசிகளின் தொலைதூரக் குடியிருப்புகள் என்று எங்கும் அது பரவியது. 70 வரிசை 1984 இல் அறிமுகமானது. அதன் பாரம் ஏற்றும் வடிவமான 79, 1999 இல் வந்தது.

2007 இல் அந்த வாகனத்துக்கு 4.5 லீற்றர் எட்டு சிலிண்டர் டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டது. 'வீ' வடிவிலான அந்த இயந்திரம் அகலமானது. அதற்கு இடம்விட, சட்டகத்தின் முன்பகுதி விரிக்கப்பட்டது; முன் அச்சும் அகன்றது. பின் அச்சோ முன்னைய ஒடுக்கத்திலேயே விடப்பட்டது. முன் சில்லுகளைவிடப் பின் சில்லுகள் ஏறக்குறைய 95 மில்லிமீற்றர் ஒடுங்கி நின்றன. பக்கத்துக்கு நான்கே முக்கால் சென்ரிமீற்றர். வாகனத்தின் பின்னால் நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பெரிய நிறுவனமொன்று, அதுவும் உறுதிக்குப் பெயர்போன வாகனத்தில், முன்பாதியைப் புதிதாக்கிப் பின்பாதியைப் பழையபடி விட்டதை நான் சிக்கனம் என்றே சொல்வேன்.

தார் வீதியில் இதைப் பலர் உணர்வதில்லை. மணலில்தான் உண்மை வெளிப்படும். முன் சில்லு அழுத்தி இறுக்கிய தடத்தில் பின் சில்லு போனால் இயந்திரத்துக்கு வேலை குறைவு. இங்கே பின் சில்லு அத்தடத்தின் உள்விளிம்பை இடித்துக்கொண்டு தனக்கென ஒரு தடத்தை வெட்டுகிறது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. பாரம் ஏற்றியிருந்தால் வால் பகுதி அலைகிறது. சின் பேரரசனின் அதிகாரிகள் இதைப் பார்த்திருந்தால் உடனே விளங்கிக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், லாண்ட் குறூசரின் ஒடுங்கிய பின் அகலமும் அப்பேரரசனின் ஆறடியும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவுகள்.

உரிமையாளர்கள் கைவைத்தியம் செய்யத் தொடங்கினார்கள். மலிவான வழி, சில்லுக்கும் அச்சின் முனைத் தட்டுக்கும் இடையே உலோக வளையமொன்றைச் செருகுவது. மற்றது, வெளிப்புறமாகத் தள்ளிநிற்கும் வேறு வகைச் சில்லைப் பூட்டுவது. இரண்டிலும் ஒரே குறை. சில்லு வெளியே போகிறது, அதைத் தாங்கும் பெயறிங் பழைய இடத்திலேயே இருக்கிறது. கைநீட்டி வாளியைத் தூக்குபவனுக்கு, கையை நீட்ட நீட்ட வாளி கனப்பது போல, பெயறிங்கின் மீதும் அச்சின் மீதும் விழும் முறுக்குவிசை கூடுகிறது. ஒரு தொன் சாமானுடன் நகரங்களுக்கு அப்பால் ஐந்நூறு கிலோமீற்றர் போகும் வாகனத்தில் அது உடைந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முறையான தீர்வு, அச்சுக் கூட்டையே நீளமாகச் செய்து, உள்ளே சுழலும் தண்டுகளையும் நீளமாக்கி, பெயறிங்கையும் சில்லுடன் சேர்த்து வெளியே கொண்டுபோவது. அவுஸ்திரேலியப் பட்டறைகள் சில அதனைத் திறமையாகவே செய்தன. ஆனால் சட்டம் அவர்கள் முன்னால் நின்றது.

அவுஸ்திரேலியாவில் வாகன மாற்றங்களுக்கான தேசிய நடைமுறைக் கோவை ஒன்று உண்டு. 2011 இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. சாதாரணக் கார்களில் சில்லுகளுக்கிடையிலான தூரத்தை உற்பத்தியாளர் குறித்த உச்ச அளவுக்கு மேல் 25 மில்லிமீற்றர் வரை மட்டுமே கூட்டலாம் என்பது அதன் பொது விதி. முன்னும் பின்னும் திண்ம அச்சுக்கொண்ட நான்கு சில்லு இயக்க வாகனத்துக்கு 50 மில்லிமீற்றர். சில்லுக்கும் அச்சுக்கும் இடையிலான வளையத்தை அக்கோவை பொதுவாக ஏற்பதில்லை. லாண்ட் குறூசரின் பின்புறத்தைச் சரிசெய்யத் தேவைப்படுவதோ 95. உற்பத்தியாளர் விட்ட குறையைத் திருத்துவதற்கு, உற்பத்தியாளரின் அளவே தடையாயிற்று!

ஆனாலும் சட்டத்தை முட்டாள்தனமானது என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. அகலம் மாறினால் தடுப்புக் குழாய்களும் சில்லு வேகத்தை அறியும் உணரிகளின் கம்பிகளும் மாறுகின்றன. மண்காப்பு, ரயரை மூடவேண்டும். இல்லையெனில் எறியப்படும் கல் பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழும். 2016 முதல் 70 வரிசையில் இலத்திரனியல் சறுக்கல் கட்டுப்பாடும் சேர்ந்தது. வாகனம் எவ்வளவு வேகத்தில் எந்தத் திசையில் திரும்புகிறது என்பதைக் கணித்துத் தானே தடுப்பை அழுத்தும் அந்தக் கணினி, உற்பத்தியாளரின் அளவுகளை நம்பியே இயங்குகிறது. அளவை மாற்றிய பட்டறைக்காரர், கணினி இன்னும் சரியாகவே நடக்கிறது என்பதைச் சோதனைக் களத்தில் ஓட்டிக் காட்டவேண்டும் என்று அரசு கேட்பது நியாயமே.

அனுமதி பெற இரண்டு பாதைகள் இருந்தன. இவற்றின் வேறுபாடுதான் இக்கதையின் மிக விசித்திரமான பகுதி. வாகனம் ஏற்கெனவே பதிவாகி ஓடிக்கொண்டிருந்தால், அதன் மாற்றம் மாநிலச் சட்டத்துக்குரியது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி ஏற்பாடு. விக்ரோறியாவில் அரசு ஏற்ற பொறியியலாளர் சான்றிதழ் எழுதுகிறார். குயின்ஸ்லாந்தில் அங்கீகாரம் பெற்றவர் வாகனத்தில் ஒரு தகட்டைப் பொருத்துகிறார். நியூ சவுத் வேல்சில் வேறொரு சான்றளிப்புத் திட்டம். ஐம்பதைத் தாண்டும் அகலத்துக்குக் கையெழுத்திடப் பல பொறியியலாளர்கள் தயங்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. விபத்து நடந்தால் நீதிமன்றத்தில் நிற்கப்போவது அந்தக் கையெழுத்து.

வாகனம் புதியதாய், முதற் பதிவுக்கு முன்னரே மாற்றப்பட்டால், அது மத்திய அரசின் விவகாரம். 'இரண்டாம் கட்ட உற்பத்தி' என்பது அதன் பெயர். அம்புலன்ஸ் செய்பவரும் பஸ் உடல் கட்டுபவரும் பயன்படுத்திய அதே வழியாக, பட்டறைக்காரர் தம்மை ஓர் உற்பத்தியாளராக நிறுத்தி, அவுஸ்திரேலிய வடிவமைப்பு விதிகளுக்கு வாகனம் அமைவதைச் சான்றுகளுடன் நிறுவி, ஒரே தடவையில் அம்மாதிரிக்கான அங்கீகாரத்தைப் பெறலாம். அதற்குப் பின் எந்த மாநிலமும் அதனைப் பதிவு செய்யும். அகலமான பின் அச்சு சட்டத்தின் கதவைத் தாண்டியது பெரும்பாலும் இந்த வழியால்தான். கூடுதல் பாரம் ஏற்றும் அனுமதியும் பல வேளைகளில் அத்துடன் சேர்ந்தே வந்தது. 1989 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் தரச் சட்டத்தின் கீழ் இருந்த இந்த ஏற்பாட்டை, 2018 இல் நிறைவேறி 2021 ஜூலை 1 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த வீதி வாகனத் தரச் சட்டமும் பேணிக்கொண்டது. வாகனத்தில் அறையப்பட்ட பழைய இணக்கத் தகட்டின் இடத்தை இணையவழிப் பதிவேடு ஒன்று எடுத்துக்கொண்டது.

இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரே பட்டறை, ஒரே அச்சு, ஒரே வாகனம். பதிவுக்கு முதல்நாள் பூட்டினால் நாடு முழுவதும் செல்லும். மறுநாள் பூட்டினால் மாநிலத்துக்கு மாநிலம் பொறியியலாளரைத் தேடி அலையவேண்டும். புதிய வாகனம் வாங்கப் பணமுள்ள சுரங்கக் கம்பனிக்கு முதலாவது வழி. பத்து வருடப் பழைய வாகனத்தை வைத்திருக்கும் பண்ணைக்காரனுக்கு இரண்டாவது வழி, அல்லது செருகு வளையம். பொலிஸ் மறித்தால் குறைபாட்டு அறிவித்தல், விபத்தென்றால் காப்புறுதி மறுப்பு என்ற அச்சத்துடன் ஓடுபவன் அவன்தான். பாதுகாப்பான அச்சு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அனுமதி கடினமாயிருப்பதை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்கு விளங்கவில்லை.

2022 இன் பிற்பகுதியில் உற்பத்தியாளரே வாகனத்தின் மொத்த எடை அனுமதியை 3510 கிலோகிராமாக உயர்த்தினார். 3500 ஐத் தாண்டியதும் அது நடுத்தரப் பாரவண்டி என்ற வேறு வகுப்புக்குள் போய்விடுகிறது. இலகு வாகனங்களுக்கான பக்கவாட்டு மோதல் விதி அதைத் தொடுவதில்லை. பத்துக் கிலோகிராமின் மகிமை அது. 2023 இறுதியில் முகம் புதிதாகி, 2.8 லீற்றர் நான்கு சிலிண்டர் இயந்திரமும் வந்து சேர்ந்தது. எட்டு சிலிண்டர் இயந்திரம் அதன்பின் விடைபெற்றது. அந்த இயந்திரத்துக்காக விரிக்கப்பட்ட முன் அச்சு அப்படியே இருந்தது. பின் அச்சும் அதே ஒடுக்கத்துடன் அதன் பின்னால் போனது.