மகிழுந்து எரிபொருள் ஆவிக்கசிவு எச்சரிக்கை: வரலாறு
1940களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் பரவியது. வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிட்ட ஐதரோகார்பன்கள், நைட்ரசன் ஆக்சைடுகளுடன் சூரிய ஒளியில் வினைபுரிவதே இதற்குக் காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் விளக்கினார்.

நின்றிருக்கும் மகிழுந்தின் பெட்ரோல் தொட்டியிலிருந்தும் ஆவி வெளியேறியது. இதைத் தடுக்க 1970ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதல் கலிபோர்னியாவிலும், அடுத்த ஆண்டு நாடு முழுவதும் விதிகள் வந்தன. கரி நிரப்பிய கலன் ஆவியைப் பிடித்துவைக்க, ஓடும் இயந்திரம் அதை இழுத்து எரித்தது.

குழாயில் விரிசல் விழுந்தாலும் வண்டி வழக்கம்போல ஓடியதால் கசிவு ஓட்டுநருக்குத் தெரியவில்லை. 1990களின் பிற்பகுதியில் பரவிய கணினித் தற்சோதனை, தொட்டியை அடைத்து அழுத்த மாற்றத்தை அளந்து, சுமார் 1 மி.மீ. துளையையும் கண்டறிந்து விளக்கை எரியச் செய்தது. பழுதுபார்ப்போர் முதலில் தொட்டி மூடியைச் சோதிப்பர். பின்னர் குழாய்களுக்குள் புகை செலுத்திக் கசிவிடத்தைக் காண்பர்.