ஒரு கேலன் பாலில் எத்தனை பவுண்டு?

மெட்ரிக் மாற்றம் என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது காத்தியும் தாஹிலும்தான். திரவ அளவு மாறிய கதையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் மங்கிலிருந்து வாளிக்கு வந்த பால், காய்ந்த ரப்பராவதற்கு முன்பே கணக்கில் ஏறியாக வேண்டும். அந்தக் கணக்கு கேலனில் இருந்தது.

கேலன் இங்கே முழு அந்நியமாகவும் இல்லை. நாலு சூப்பாக் ஒரு கந்தாங். ஆங்கிலேயர் நீரிணைக் குடியேற்றங்களில் அந்தக் கந்தாங்கை ஓர் இம்பீரியல் கேலனுக்குச் சமமாக்கிவிட்டார்கள். பெயர் மலாய், உள்ளே இருந்தது 4.546 லிட்டர். ரொம்ப சாமர்த்தியமான வேலை!

பாலுக்கு வருவோம். வாளி நிறைய இருப்பதெல்லாம் ரப்பர் இல்லை, பெரும்பகுதி தண்ணீர்தான். மழை, மரத்தின் வயது, ஓய்வு நாள் எல்லாம் சேர்ந்து பாலின் கெட்டியை மாற்றும். அதனால் கேலனை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஸ்டோரில் இதற்கென்று மெட்ரொலேக் என்ற மிதவைக் கருவி இருந்தது. ரப்பர் தண்ணீரைவிட லேசு. பாலில் ரப்பர் கூடினால் கருவி இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். அதன் தண்டில் படிப்பது ஒரு கேலனுக்கு இத்தனை பவுண்டு ரப்பர் என்ற எண்ணை. நல்ல பாலுக்கு அது மூன்றை ஒட்டி இருக்கும்.

1972-ல் எடை, அளவைச் சட்டம் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் நாடு லிட்டருக்கும் கிலோவுக்கும் மாறியது. மெட்ரொலேக்கின் தண்டிலும் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று வந்தது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். 453.59 கிராமை 4.546-ஆல் வகுத்தால் 99.78. அதாவது பழைய 3 கிட்டத்தட்ட புதிய 300. இரண்டு சுழியம் சேர்த்தால் வேலை முடிந்தது!

இது தற்செயல் இல்லை. 1824-ல் இம்பீரியல் கேலனை வரையறுத்தபோது, 62 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பத்து பவுண்டு தண்ணீர் பிடிக்கும் அளவு என்றுதான் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் கிலோகிராம் அதற்கு முன்பே ஒரு லிட்டர் தண்ணீரில் பிறந்தது. இரண்டுக்கும் தாய் தண்ணீர்தான். அதனால் ஒரு பவுண்டும் நூறு கிராமும் பத்தில் ஒரு பங்கு என்ற ஒரே விகிதத்தைத்தான் சொல்கின்றன. மீதமுள்ள அந்த 0.22 விழுக்காடு, வெப்பநிலையும் காற்றில் வைத்து நிறுத்ததும் விட்டுப்போன துண்டு.

ஆனால் வாளியின் கொள்ளளவுக்கு இப்படி அதிர்ஷ்டம் இல்லை. ஐந்து கேலன் பால், மெட்ரொலேக்கில் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 பவுண்டு ரப்பர், 6.80 கிலோ. கேலனுக்கு நாலரை லிட்டர் என்று ஒருவர் சுருக்கினால் 22.5 லிட்டர், அதை 300-ஆல் பெருக்கினால் 6.75 கிலோ. ஒரு நாளைக்கு 54 கிராம் போச்சு. 25 நாளில் 1.35 கிலோ, அதாவது பழைய கணக்கில் மூன்று பவுண்டு. எந்தத் தோட்டத்திலும் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நாலரை என்பது பேச்சுக்கு எளிது, கிலோவுக்குக் கூலி வாங்குகிறவருக்கு எளிது இல்லை, அவ்வளவுதான். பொறியியல் பாடத்தில் தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் வைக்கணும்னு சொல்லித் தந்தாங்க. வெட்டிய இலக்கம் யார் பையிலிருந்து போகுதுன்னு அங்கே யாரும் கேட்கல.

இன்னொன்றும் இருக்கிறது. ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் தராசில் ஏறும்போது முள் எங்கே நிற்கிறது என்று வெட்டுக்காரரும் பார்க்கலாம். மெட்ரொலேக் அப்படி இல்லை. கெட்டிப் பாலில் தண்ணீர் கலந்து, நுரையை ஒதுக்கி, மிதக்கவிட்டு, பாலின் விளிம்பு தண்டைத் தொடும் கோட்டைக் குனிந்து படிக்க வேண்டும். குனிந்தவர் கிராணி. காண்டா வாளியை இறக்கி வைத்துவிட்டு நின்றவருக்குக் கேட்டது ஓர் எண் மட்டும்.