விலை ஏறினால் டிமாண்ட் குறையுமா, டிமாண்ட் ஏறினால் விலை ஏறுமா? பிளஸ் 1 மாணவர்களைக் குழப்பும் பாடம்

"விலை ஏறினால் தேவை குறையும்." பிளஸ் 1-ல் பொருளியல் எடுத்த யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட இதைச் சொல்லிவிடுவார்கள். "முகூர்த்தம் வந்தா மல்லிக்கு டிமாண்ட் ஏறும், விலையும் ஏறும்." இதை மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடிக்கிறதே? விலை ஏறினால் தேவை குறைய வேண்டும். ஆனால் பூ மார்க்கெட்டில் தேவையும் ஏறுது, விலையும் ஏறுது. அப்போ புத்தகம் தப்பா, மார்க்கெட் தப்பா?

இரண்டுமே சரிதான். 'தேவை' என்ற ஒரே வார்த்தையை இரண்டு அர்த்தத்தில் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் இது. வணிகவியல் குரூப் மாணவர்கள் விதியை வரி மாறாமல் எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் தக்காளி விலை ஏன் ஏறியது என்று கேட்டால் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தேவை வேறு, தேவை அளவு வேறு

மற்ற எதுவும் மாறாமல் விலை மட்டும் மாறினால், மக்கள் வாங்கும் அளவு மாறும். கிலோ 30 ரூபாய்க்கு 2 கிலோ தக்காளி வாங்கியவர் 60 ரூபாய் ஆனதும் ஒரு கிலோவோடு நிறுத்திக்கொள்கிறார். அவரது விருப்பம் மாறவில்லை, சம்பளம் மாறவில்லை. தேவைக் கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது. அதன் மேல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நகர்ந்திருக்கிறார், அவ்வளவுதான். புத்தகம் சொல்லும் விதி இதைப் பற்றியது. 'பிற நிலைமைகள் மாறாதிருக்கும்போது' என்று விதியோடு ஒரு வால் ஒட்டியிருப்பதும் இதனால்தான். பல பேர் அந்த வாலை விட்டுவிட்டு மனப்பாடம் செய்கிறார்கள்.

முகூர்த்த நாளில் நடப்பது வேறு. நேற்று இதே விலைக்கு வாங்க 100 பேர் இருந்தார்கள் என்றால் இன்று 300 பேர். விலை மாறுவதற்கு முன்பே வாங்க வருபவர்கள் கூடிவிட்டார்கள். கோடு முழுசாக வலது பக்கம் இடம்பெயர்கிறது. விலை ஏறுவது அதற்குப் பிறகு வரும் விளைவு.

ஆகவே முதல் வாக்கியத்தில் விலை காரணம். இரண்டாவதில் விலை விளைவு.

வகுப்பில் ஏன் இது பதிவதில்லை?

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் 2018-ல் வந்த பிளஸ் 1 பொருளியல் புத்தகத்தில் தேவை விதி 'நுகர்வுப் பகுப்பாய்வு' பாடத்தில் வருகிறது. அளிப்பு விதி, அதற்கடுத்த 'உற்பத்திப் பகுப்பாய்வு' பாடத்தில். பாடத்தை வரிசைப்படுத்த இது வசதி. ஆனால் ஒன்றை நடத்தி முடித்து, டெஸ்ட் வைத்து, அடுத்ததைத் தொடங்குவதற்குள் முதலாவது பழைய பாடம் ஆகிவிடுகிறது.

விலையைத் தீர்மானிப்பது தேவையா அளிப்பா என்று கேட்பது, பேப்பரை வெட்டியது கத்தரிக்கோலின் மேல் அலகா கீழ் அலகா என்று கேட்பது போலத்தான். இந்த உவமை இங்கிலாந்துப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் சொன்னது. 1890-ல் வந்த அவருடைய 'பொருளியல் கோட்பாடுகள்' மூலமாகத்தான் இன்று நாம் வரையும் தேவை-அளிப்பு வரைபடம் பரவலானது. விலையைச் செங்குத்து அச்சில் போடும் வழக்கமும் அப்படி நிலைத்ததுதான். கணக்குப் பாடத்தில் காரணமாக இருக்கும் மாறியைக் கிடைமட்ட அச்சில் போடச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பொருளியல் பீரியடில் அது தலைகீழாக இருக்கும். வணிகக் கணிதமும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகளிடம் இதை ஒருமுறை சொல்லிவிட்டால் பாதி குழப்பம் தீரும்.

20 சீட்டு, ஒரு பீரியட்

இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான ஒரு விளையாட்டு இருக்கிறது. ஹார்வர்டில் பேராசிரியர் எட்வர்ட் சேம்பர்லின் தன் வகுப்பு மாணவர்களையே வாங்குபவர், விற்பவர் என்று பிரித்து மார்க்கெட் நடத்திப் பார்த்து, 1948-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவரிடம் படித்த வெர்னன் ஸ்மித், பின்னர் தன் மாணவர்களை வைத்து அதை மேம்படுத்தினார். சோதனைவழிப் பொருளியல் என்ற துறையை நிறுவியதற்காக 2002-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்தத் துறையின் தொடக்கம் ஒரு வகுப்பறை விளையாட்டு.

நம்ம ஊர் வகுப்பில் நடத்த 20 துண்டுச் சீட்டுகள் போதும். பொருள், ஒரு கிலோ தக்காளி.

10 பேர் விற்பவர்கள். அவர்கள் சீட்டில் 10, 15, 20, 25 என்று ஐந்தைந்தாக ஏறி 55 வரை எழுதியிருக்கும். இது அவர்களுடைய அடக்க விலை. இதற்குக் கீழே விற்கக் கூடாது. மற்ற 10 பேர் வாங்குபவர்கள். அவர்கள் சீட்டில் 60, 55, 50 என்று இறங்கி 15 வரை இருக்கும். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. ஒருவருக்கு ஒரு கிலோதான். சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது, சத்தமாகப் பேரம் பேசலாம். ஐந்து நிமிடம். 40 பேர் இருக்கும் வகுப்பு என்றால் சீட்டுக்கு இரண்டு பேர்.

முதல் ஆட்டத்தில் ஆளாளுக்கு ஒரு விலையில் முடிப்பார்கள். நடந்த விலைகளைப் போர்டில் எழுதிவிட்டு அதே சீட்டுகளோடு இரண்டு, மூன்று முறை ஆடினால் விலை 35 ரூபாய் பக்கமாக வந்து சேரும். கணக்குப்படி 35 ரூபாயில் வாங்கத் தயாராக 6 பேர், விற்கத் தயாராக 6 பேர். இதுதான் சமநிலை விலை. ஆறாவது ஜோடிக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பதால் சில வகுப்புகளில் வியாபாரம் 5 கிலோவிலேயே நின்றுவிடலாம். அதுவும் பேச வேண்டிய விஷயம்தான்.

இப்போது மழை என்று அறிவியுங்கள். லாரி வாடகை கூடிவிட்டது, செடியில் பாதி அழுகிவிட்டது. விற்பவர்கள் எல்லோருக்கும் அடக்க விலையில் 10 ரூபாய் கூடுகிறது. புதுச் சமநிலை 40 ரூபாய், விற்பனை 5 கிலோ.

அடுத்து மழையை ரத்து செய்யுங்கள், பழைய அடக்க விலைக்கே போய்விடலாம். இந்த முறை ஊரில் திருவிழா. வாங்குபவர்கள் எல்லோரும் 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயார். இப்போதும் விலை 40 ரூபாய்தான். ஆனால் விற்பனை 7 கிலோ.

பாடமே இங்கேதான் இருக்கிறது. இரண்டு முறையும் விலை 35-லிருந்து 40-க்கு ஏறியது. ஒன்றில் விற்பனை 6-லிருந்து 5 ஆகக் குறைந்தது, மற்றதில் 7 ஆகக் கூடியது. விலையை மட்டும் பார்த்தால் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு விற்றது என்றும் பார்க்க வேண்டும். 'விலை உயர்வு' என்று மட்டும் செய்தி வந்தால் மாணவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, "மார்க்கெட்டுக்கு எத்தனை லோடு வந்தது?"

இன்னொன்றும் கவனிக்கலாம். மழை ஆட்டத்தில் செலவு 10 ரூபாய் ஏறியது, விலை 5 ரூபாய்தான் ஏறியது. மீதி 5 ரூபாய்? விற்பவர் தலையில். 'செலவு கூடினால் அப்படியே வாங்குறவங்க மேல ஏத்திடுவாங்க' என்பது எப்போதும் உண்மையில்லை. வாங்குபவர் விலகிப் போக முடியுமா என்பதைப் பொறுத்து அந்தச் சுமை பிரியும். தேவை நெகிழ்ச்சி என்று புத்தகத்தில் வரும் பகுதி இதைத்தான் பேசுகிறது. வரைகணக்கு, சூத்திரம் என்று பயமுறுத்தும் முன்பு இந்த 5 ரூபாயைக் காட்டிவிடலாம்.

2023 தக்காளி

நிஜ உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் கோயம்பேடுக்கு வரும் வரத்து குறைந்ததே காரணம். அதாவது அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்ந்தது. தமிழ்நாடு அரசு சென்னையில் முதலில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. இது விலைக் கட்டுப்பாடா என்று வகுப்பில் கேட்கலாம். இல்லை. வெளிக்கடைக்காரர் 60-க்குத்தான் விற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அரசே கொள்முதல் செய்து, சந்தை விலைக்குக் கீழே இன்னொரு கடை திறந்தது.

அதே தக்காளி வேறு சில மாதங்களில் பறிக்கும் கூலிகூட கட்டாமல் ரோட்டோரம் கொட்டப்படுவதையும் பார்க்கிறோம். விலை உச்சத்தில் இருக்கும்போது எல்லோரும் நட, அறுவடை ஒரே நேரத்தில் வந்து குவிகிறது. அளிப்பு விதி 'விலை ஏறினால் அளிப்பு ஏறும்' என்கிறது, சரி. ஆனால் தக்காளி நட்டுப் பறிக்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். அந்த இடைவெளியை வரைபடத்தில் காட்ட முடியாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பள்ளிகளில் இதை ஆசிரியர் விளக்கவே தேவையில்லை, பிள்ளைகளே சொல்வார்கள்.

மல்லிகைக்கு மார்கழி, தை மாதங்களில் இரண்டும் சேர்ந்து நடக்கும். பனியால் பூ வரத்து குறையும். பொங்கலும் தை முகூர்த்தமும் வாங்குபவர்களைக் கூட்டும். விலை தாறுமாறாக ஏறும் என்பது உறுதி. விற்கும் அளவு கூடுமா, குறையுமா என்பது எது அதிகமாக நகர்ந்தது என்பதைப் பொறுத்தது.

கோட்டைத் தள்ளும் வேலைக்குப் பெயர் விளம்பரம்

பிளஸ் 2 வணிகவியலில் சந்தையிடுகை பகுதி வரும். பொருள், விலை, இடம், மேம்பாடு என்ற நான்கையும் 1960-ல் இப்படித் தொகுத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி. மேம்பாடு என்பதற்குள் விளம்பரம், ஆள் வைத்து நேரில் விற்பது, சலுகைகள், மக்கள் தொடர்பு என நான்கு. பெரும்பாலும் இது ஒரு பட்டியலாகவே படிக்கப்படுகிறது. பிளஸ் 1-ல் படித்த கோட்டோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

ஆடித் தள்ளுபடியை எடுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, ஜவுளிக்குத் தேவை குறைவு. கடைக்காரர் விலையைக் குறைக்கிறார் என்றால் அதே கோட்டில் கீழே இறங்கி வருகிறோம். அந்தத் தள்ளுபடியைப் பற்றி டிவியில், பேப்பரில் விளம்பரம் கொடுத்து, வாங்கும் யோசனையே இல்லாதவரையும் கடைக்கு வரவைத்தால் கோடே நகர்கிறது. ஒரே ஆஃபரில் இரண்டு வேலை.

கடலூரில் 1983-ல் சி.கே.ரங்கநாதன் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு கதை இன்னும் சுவாரசியம். காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். முதலில் எந்த கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி என்றார்கள். அது பழகியதும், சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். முதல் கட்டம், மற்றவர்களின் வாடிக்கையாளரை இழுக்க. இரண்டாவது, வந்தவரைத் தக்கவைக்க. 'விற்பனை மேம்பாட்டின் நோக்கங்கள் யாவை' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

சிபிஎஸ்இ பிளஸ் 2 வணிகப் படிப்பில் புராஜெக்டுக்கு 20 மார்க் உண்டு. ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து பெயர், லேபிள், பேக்கிங், விலை, விளம்பரம் எல்லாம் திட்டமிடுவது அதில் ஒரு வாய்ப்பு. சார்ட் பேப்பரில் லோகோ வரைவதில் நேரம் போய்விடுகிறது. யாருடைய கோட்டை நகர்த்தப் போகிறோம் என்ற ஒரு பத்தி எழுதச் சொன்னால் புராஜெக்ட் வேறு மாதிரி இருக்கும்.

விற்கக் கற்றால் போதுமா?

இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் 16, 17 வயதுப் பிள்ளைகள்தான் போன் திறந்தாலே விளம்பரம் பார்க்கும் வாடிக்கையாளர்களும். "இன்னும் 2 மட்டுமே உள்ளது", "ஆஃபர் முடிய 9 நிமிடம்" என்று ஷாப்பிங் ஆப்பில் வருவது என்ன? அளிப்பு குறைவு என்ற எண்ணத்தை உண்டாக்கி, தேவையைத் தள்ளுவது. உண்மையிலேயே சரக்கு குறைவு என்றால் அது தகவல். பொய் என்றால், 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் அதுவும் ஒன்று.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-க்குப் பதிலாக வந்த 2019 சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த விளம்பரத்தில் பரிந்துரைத்த பிரபலம் வேறு எதையும் பரிந்துரைக்க ஓராண்டு வரை தடை போடலாம், மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை. 2022 ஜூன் வழிகாட்டுதலில் இன்னொரு விதியும் இருக்கிறது. விளம்பரம் எந்த மொழியில் ஒன்றைச் சொல்கிறதோ, அதற்கான நிபந்தனைகளும் அதே மொழியில் இருக்க வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க இதுவே போதும். ஒரு நாள் பேப்பரைக் கொண்டுவந்து, தமிழில் பெரிதாகச் சலுகை போட்டுவிட்டு நிபந்தனையை மட்டும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்ட விளம்பரம் இருக்கிறதா என்று தேடச் சொல்லலாம். அடுத்து வீட்டிலிருக்கும் 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் எடையைப் பார்த்து 100 கிராம் என்ன விலை என்று கணக்குப் போடச் சொல்லலாம். எம்ஆர்பி மாறாமல் எடை மட்டும் குறைந்தால் அதுவும் விலை உயர்வுதான்.

விளம்பரத்தை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.