என் கோணல் விரலும் மணிக்கட்டு எலும்பும்

என் வலது கை மோதிர விரல் முழுதாக மடங்காது. கல்லூரி நாட்களில் கிரிக்கெட் பந்து விரல் நுனியில் நேராக வந்து மோதியது. "சுளுக்குதான்டா" என்று ஒருவன் இழுத்துவிட்டான். அம்மா மஞ்சள் பற்றுப் போட்டார். இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எலும்பு உடைந்து மூட்டும் விலகியிருக்கிறது. அன்றைக்கே வந்திருக்கலாமே" என்றார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் சொல்லிவிட்டார்.

சமீபத்தில் பேரன் அதே மாதிரி வீங்கிய விரலோடு வந்து நின்றான். அவனுக்கு வைத்தியம் ஆன பிறகு, என் விரலுக்கு உண்மையிலேயே வழியில்லாமல்தான் போனதா என்று தேடிப் படித்தேன்.

விரலின் நடு மூட்டில் மேல் எலும்பின் அடிப்பாகம் ஆழமில்லாத கிண்ணம் போன்றது. நுனியில் பலமாக அடிபட்டால் கிண்ணத்தின் உள்ளங்கைப் பக்க விளிம்பு நொறுங்கும். தடுக்க விளிம்பில்லாததால் எலும்பு புறங்கைப் பக்கமாக நழுவிவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் இடைவெளியில் தழும்புத்தசை வளரும், தசைநார்கள் சுருங்கும், குருத்தெலும்பு தேயும். அதன்பின் இழுத்துப் பொருத்தினாலும் நிற்காது.

கைக்கென்று தனி அறுவை மருத்துவம் வளர்ந்தது இரண்டாம் உலகப் போரின்போதுதான். கை சிதைந்து வந்த வீரர்களுக்காக அமெரிக்க ராணுவம் தனி மையங்கள் அமைத்தது. அவற்றுக்கு வழிகாட்டியவர் சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டெர்லிங் பன்னல். கை அறுவை பற்றிய அவருடைய பெரிய நூல் 1944-இல் வந்தது. 1946-இல் அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் சங்கம் பிறந்தது. ஆனாலும் பழுதாகிப்போன விரல் மூட்டை அசையாமல் ஒட்டவைத்துவிடுவதும் வழக்கமாகவே இருந்தது. வலி போகும், மடங்குவதும் போகும்.

அடுத்த முக்கியமான அடி 1980-இல். ஈட்டன், மாலரிச் என்ற இருவர் தங்கள் பத்தாண்டு அனுபவத்தை வெளியிட்டார்கள். மூட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் கெட்டியான நார்த்தகடு ஒன்று உண்டு. அதை முன்னால் இழுத்து, உடைந்த விளிம்பு இருந்த இடத்தில் பொருத்துவது அவர்கள் முறை. ஆறு வாரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்களுக்கு மூட்டு சராசரியாக 95 டிகிரி அசைந்தது. தாமதமாக வந்தவர்களுக்கு 78 டிகிரி. அந்த 17 டிகிரிதான் தாமதத்தின் விலை.

விளிம்பில் பாதிக்கு மேல் போயிருந்தால் நார்த்தகடு மட்டும் எலும்பைத் தாங்காது. அதற்கு 1990-களின் இறுதியில் ஹில் ஹேஸ்டிங்ஸும் சகாக்களும் ஒரு வழி சொன்னார்கள். மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் ஹேமேட் ஒன்று. மோதிர விரல், சுண்டு விரல் எலும்புகள் அதன்மேல்தான் வந்து உட்காருகின்றன. அந்த இடத்தில் நடுவே ஒரு மேடும் இருபுறமும் இரு பள்ளமும் இருக்கும். விரல் கிண்ணத்தின் விளிம்பும் கிட்டத்தட்ட அதே வடிவம்! அங்கிருந்து குருத்தெலும்போடு ஒரு துண்டை எடுத்துச் செதுக்கி, விரலில் பொடி ஸ்குரூக்களால் இறுக்குகிறார்கள். மாதக்கணக்கில் விலகிக் கிடந்த மூட்டுக்கும் இதைச் செய்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தாது, கிண்ணத்தின் எதிரே உள்ள குண்டுமுனை தேய்ந்திருந்தால் பலனில்லை. முழு அசைவும் திரும்புவதில்லை. ஆனாலும் விரல் மடங்கும்.

ஆக, என் டாக்டர் சொன்னது அவர் காலத்துக்குச் சரிதான். எனக்கான வழி வந்தபோது என் மூட்டு தேய்ந்து முடிந்திருந்தது.

பேரனை அன்று மாலையே அழைத்துப் போனோம். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் சின்னத் துண்டு ஒன்று தெரிந்தது. விரல் முழுக்க நீளாதபடி ஒரு பட்டை கட்டினார்கள், சில வாரம். கத்தியே தேவைப்படவில்லை. இப்போது மடக்கிக் காட்டி, "உங்களால முடியுமா தாத்தா?" என்று சீண்டுகிறான்.

விரல் வீங்கினால் யாரையும் இழுக்க விடாதீர்கள். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.