சலித்துப் பார்த்த ஐந்து ஆண்டுகள்

1957 ஆகஸ்ட் 31 அன்று, கிங்ஸ்போர்ட் என்ற அமெரிக்கச் சிற்றூரின் பேஸ்பால் அணிக்காகப் பந்து வீசிய 18 வயது இடக்கைக்காரர் ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி, ஒரே ஆட்டத்தில் 24 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார், 18 வாக் கொடுத்தார், 8–4 என்று தோற்றார். மட்டையாளர் மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறினால் ஸ்ட்ரைக் அவுட். நான்கு பந்துகள் அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே போனால் மட்டையாளர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போவார், அதுதான் வாக். கிரிக்கெட்டின் வைடைவிடக் கொடிய தண்டனை. அந்தப் பருவத்தில் 62 இன்னிங்ஸில் அவர் கொடுத்தது 129 வாக். பேஸ்பால் கண்டதிலேயே வேகமான கை இவருடையதுதான் என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு; ஆனாலும் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசாமல் போனார். கை இருந்தது, கட்டுப்பாடு இல்லை என்று கதையை இரண்டே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். என் பார்வையில், அவர் வளர்ந்த மைனர் லீக் அமைப்பு பள்ளிக்கூடமாக அல்ல, சல்லடையாகக் கட்டப்பட்டது என்பதுதான் அந்தக் கதையின் பெரும்பகுதி.

பெரிய அணி சிறிய அணிகளைத் தன் வசம் வைத்துக்கொண்டு ஆட்டக்காரர்களை விளைவிக்கும் 'பண்ணை' முறையை 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் வளர்த்தெடுத்தவர் பிராஞ்ச் ரிக்கி. நிறையப் பேரை மலிவாகச் சேர், தேறியவனை மேலே ஏற்று என்பதே அதன் கணக்கு. அன்று பெரும்பாலான சிற்றூர் அணிகளில் பந்துவீச்சுக்கென்று தனிப் பயிற்சியாளர் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாளர் ஒருவரே. பால்டிமோர் ஓரியோல்ஸ் பண்ணையில் டால்கோவ்ஸ்கி அலைந்ததைப் பாருங்கள்: 1958இல் மட்டும் 'ஏ' வகுப்பு, பிறகு 'பி', பிறகு 'சி' என்று மூன்று ஊர், மறு ஆண்டு 'டி' வரை இறக்கம். ஒருவர் சொன்னது கையில் படிவதற்குள் அடுத்த ஊர், அடுத்த மேலாளர். அதே 1958இல் மேரிலாந்தின் அபர்டீன் ராணுவச் சோதனைத் தளத்துக்கு அவரை அழைத்துப்போய் வேகத்தை அளந்தார்கள். முந்தைய நாள்தான் ஆட்டம் ஆடியிருந்தார். வீசும் மேடு இல்லை, சமதரை. கருவியின் சிறு இலக்கில் பந்து விழவே 40 நிமிடம் ஆயிற்று. பதிவானது மணிக்கு 93.5 மைல். வேகத்தை அளக்க ராணுவக் கருவி தேடிப் போனவர்கள், குறியைத் திருத்த ஒரே ஆசானிடம் தொடர்ந்து இரண்டு முழுப் பருவம் விட்டு வைக்கவில்லை.

1960இல் ஸ்டாக்டனில் 170 இன்னிங்ஸ்: 262 ஸ்ட்ரைக் அவுட், 262 வாக். இரண்டும் ஒரே எண். பிழையாக அச்சானதோ என்று மறுபடி பார்க்கத் தோன்றும். 1962இல் எல்மைராவில் மேலாளர் ஏர்ல் வீவர் (பின்னாளில் ஓரியோல்ஸை உலகத் தொடர் வெல்ல வைத்தவர்) பாடத்தைச் சுருக்கினார்: வேகப்பந்து, ஸ்லைடர், இரண்டு மட்டும், வேகப்பந்தை நடுவே போடு. 160 இன்னிங்ஸில் வாக் 114ஆகக் குறைந்தது. ஒன்பது இன்னிங்ஸுக்கு 14 வாக் என்றிருந்தது ஏழுக்கும் கீழே வந்தது.

குடிதான் அவரைக் கெடுத்தது என்பார்கள். குடித்தார், வாழ்நாள் முழுதும் அதற்கு விலையும் கொடுத்தார். ஆனால் 1962இல் அவர் குடியை விட்டுவிடவில்லை. எண்கள் மட்டும் மாறின. இதே பண்ணையிலிருந்துதானே பந்துவீச்சாளர் ஸ்டீவ் பார்பர் மேலே வந்தார் என்பது இதைவிட வலுவான மறுப்பு. வந்தார்தான்; ஆனால் 1960இல் அமெரிக்கன் லீகிலேயே அதிக வாக் கொடுத்தவரும் அவரே, 113. அவர் தேறியது மேலே போன பிறகு. புகழ்பெற்ற பந்துவீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ் இன்னும் தெளிவான சாட்சி. பெரிய தொகைக்கு ஒப்பந்தமானவர் இரண்டு ஆண்டு மேஜர் லீக் அணியிலேயே இருக்கவேண்டும் என்ற அன்றைய விதியால், அவர் மைனர் லீகில் கால் வைக்கவே இல்லை. முதல் ஆறு பருவத்தில் 36 வெற்றி, 40 தோல்வி என்று தடுமாறினார். 1961 வசந்தகாலப் பயிற்சியில் கேட்சர் நார்ம் ஷெர்ரி, கொஞ்சம் மெதுவாக வீசிப் பார் என்றார். அந்த ஆண்டு 18 வெற்றி. அந்த விதியின் வரம்பு 4,000 டாலர். டால்கோவ்ஸ்கி வாங்கிய முன்பணம் சரியாக அதே 4,000; வரம்பைத் தாண்டாததால் அந்த விதி அவரைத் தொடவில்லை.

ஒரே ஒரு நல்ல பருவத்தை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அதைச் சோதிக்க இரண்டாவது பருவம் வாய்க்கவில்லை. 1963 மார்ச்சில், ஓரியோல்ஸ் அணியில் இடம் ஏறக்குறைய உறுதியாகியிருந்த நிலையில், யாங்கீஸுக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் அவருடைய இடது முழங்கை போயிற்று. மேஜர் லீக் சீருடைக்கு அளவெடுத்து முடித்திருந்தார்கள்.