எண்ணெய்த் தாங்கிகளும் போர் நினைவுத் தூணும்: நம் ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தாமரைக் கோபுரத்துக்குக் கூட்டிப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே ஏறியதும் நாம் எல்லோரும் துறைமுகத்தையும் கடலையும்தான் படம் எடுக்கிறோம். அப்படியே கிழக்குப் பக்கமும் திரும்பிப் பாருங்கள். களனி கங்கைக்கு இந்தப் பக்கம் நம் ஊர். அங்கே எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வானத்திலிருந்து வருகிற ஒருவனுக்கு நம் ஊர் எப்படித் தெரிந்திருக்கும் என்று அவர்களுக்கு விளங்கும்.

ஏனென்றால் அப்படி வந்திருக்கிறார்கள்.

உயிர்த்த ஞாயிறு தாக்குதல் என்றால் இன்று எல்லோருக்கும் 2019 தான் நினைவுக்கு வரும். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதியும் உயிர்த்த ஞாயிறுதான். காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னர் சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தன. நான்கு மாதங்களுக்கு முன்னர் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோவின் கப்பற்படையிலிருந்து புறப்பட்டவை அவை. முதல்நாளே கொக்கலையிலிருந்து பறந்த கனடா விமானி பேர்ச்சல் அந்தக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, அவர் சிறைபிடிக்கப்பட்டார்.

துறைமுகத்தில் டெனடோஸ், ஹெக்டர் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. இரத்மலானையிலும் குண்டு விழுந்தது. அன்று கொழும்பைக் காக்க எழும்பிய விமானங்களில் ஒரு பகுதி, ரீட் அவனியூ குதிரைப் பந்தயத் திடலிலிருந்தே எழும்பின. அந்தத் திடலை அவசரமாக விமான ஓடுபாதையாக மாற்றியிருந்தார்கள்.

நம் ஊர் ஏன் இலக்கானது? கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் எரிபொருள் இல்லாமல் போர் இல்லை. கொழும்பின் எரிபொருள் இருந்தது கொலன்னாவையில். அன்று அங்கொடை மனநல வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. கொலன்னாவைத் தாங்கிகள் என்று நினைத்தே அங்கே போட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் நமக்கு வந்த குண்டு, ஓடவும் தெரியாத நோயாளிகளின் தலையில் விழுந்திருக்கிறது. இதைப் படிப்பிக்கும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

இனி போர் நினைவுத் தூணுக்கு வருவோம். நகர மண்டபத்துக்குப் பக்கத்தில், விகாரமகாதேவி பூங்காவில், கொழும்புப் பொது நூலகத்தை ஒட்டி உயரமாக நிற்கிறதே, அதுதான். நூலகத்துக்குப் போகிற பிள்ளைகள் தினமும் அதைக் கடந்து போகிறார்கள். அது என்னவென்று கேட்டால் பலருக்குத் தெரியாது. முதலாம் உலகப் போரில் இறந்த இலங்கை வீரர்களுக்காக எழுப்பப்பட்டது அது. வடிவமைத்தவர் புதுடில்லியைக் கட்டிய லட்யென்ஸ். 1923 இல் திறந்தபோது அது இருந்த இடம் காலிமுகத்திடல், கடலைப் பார்த்தபடி. இரண்டாம் போர் வந்ததும், கடலில் வரும் எதிரிக்கு அந்தத் தூணே குறி காட்டிவிடும் என்று பயந்து, கழற்றி எடுத்து இன்றைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு போர்களிலும் இறந்தவர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

தூணைக் கழற்றி நகர்த்த முடிந்தது. எண்ணெய்த் தாங்கிகளையும் அவற்றைச் சுற்றி வாழ்ந்த சனங்களையும் யாரும் நகர்த்தவில்லை.

யாரை நினைவுகூர்வது என்பதும் இந்த நாட்டில் பழைய கேள்விதான். ஒவ்வொரு நவம்பர் 11 ஆம் திகதியும் பொப்பி மலர் விற்பார்கள். சேர்ந்த காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. இங்குள்ள முன்னாள் வீரர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டு, 1931 இல் பொப்பிக்குப் பதிலாகப் பூவரசம் பூவை விற்கத் தொடங்கினார்கள். அதுதான் சூரியமல் இயக்கம். பிறகு அந்த இளைஞர்கள்தான் 1934-35 மலேரியாக் காலத்தில் கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் கொண்டு போனார்கள்.

நம் ஊரின் கதை 1942 உடன் முடியவில்லை. 1995 ஒக்டோபர் 20 ஆம் திகதி விடுதலைப் புலிகள் கொலன்னாவை, ஒறுகொடவத்தை எண்ணெய்க் குதங்களைத் தாக்கினார்கள். 20 பேருக்கும் அதிகமானோர் இறந்தனர். தாங்கிகள் எரிந்த கரும்புகையைப் பார்த்தவர்கள் இதை வாசிக்கிறவர்களிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். 2007 ஏப்ரல் 29 அதிகாலை, பார்படோசில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியை ஊரே விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. வானத்தில் புலிகளின் விமானம். அன்றைக்கும் இலக்குகளில் ஒன்று நம் ஊர்க் குதம்தான்.

65 வருடத்துக்குள் மூன்று முறை, இரண்டு வேறு போர்கள், ஒரே இலக்கு. படையில் சேர்ந்து இறந்தவர்களுக்குத் தூண் இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது. அது சரியானதே. ஆனால் குண்டுக்குப் பயந்து கைக்குழந்தையோடு ஊரைவிட்டு ஓடிய உம்மும்மாவுக்கும், புகைக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன சிங்கள, தமிழ், முஸ்லிம் பெற்றோருக்கும் ஒரு கல்லை நம் ஊரில் நான் பார்த்ததில்லை.

கல் நடுவதற்குக் காசும் அனுமதியும் வேண்டும். எழுதி வைப்பதற்கு ஒரு அப்பியாசக் கொப்பி போதும். 1942 இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு கதையையும் மையவாடியில் அடக்கிவிட்டு வருகிறோம்.

ஆகவே, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தக் கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அன்று எங்கே இருந்தார்கள், எந்த வழியால் போனார்கள், யார் வீட்டில் தங்கினார்கள், எப்போது திரும்பி வந்தார்கள்? தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். 1995 ஐப் பார்த்தவர்கள் உங்கள் நினைவை நீங்களே எழுதுங்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்திடமும் கேளுங்கள், அவர்களுக்கும் இதே கதைதான் இருக்கும். எழுதியதை எனக்குத் தனியாக அனுப்பினால், என் மாணவர்களைக் கொண்டு ஒழுங்குபடுத்தி, மூன்று மொழியிலும் ஒரு சிறு கையேடாக்கிப் பாடசாலை நூலகத்தில் வைக்கலாம், இன்ஷா அல்லாஹ்.